விட்டுக்கொடுத்தவன்

டவுன்ஷிப்பில் கரண்ட் போகாது, மேடம். நீங்கள் இங்கே மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது என்று ஸ்டேஷன் ரைட்டர் சொன்னார், அதனால் சொல்கிறேன். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம், எங்கள் ஊரில், சாயங்காலம் ஆறு மணிக்குப் போகும் கரண்ட் எட்டு மணிக்குத்தான் வரும். இத்தனைக்கும் வாசலில் நின்றால் பவர் ஹவுஸின் புகைபோக்கி தெரியும். இந்தப் பக்கம் குவார்ட்டர்ஸில் ஆள் இல்லாத அறையிலும் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும். சைமன்ராஜ் வீட்டுக்கு நான் முதன்முதலில் போனது அந்த ஃபேனுக்காகத்தான். டி.வி. கேம் பிறகுதான் வந்தது.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே வகுப்பு. அவன் அப்பா ஆரோக்கியதாஸ் மைன்ஸில் எலெக்ட்ரீஷியன், பெர்மனென்ட். என் அப்பா அதே மைன்ஸில் கான்ட்ராக்ட் கூலி. ஆரோக்கியதாஸை நான் அங்கிள் என்பேன். அவர் மனைவி லூசியம்மாவை அம்மா என்றே கூப்பிடுவேன். அப்படிக் கூப்பிடச் சொன்னதும் அவர்தான். சைமனுக்கு ஒரு தங்கை, டெய்சி. அப்போது அவளுக்கு நாலு வயது. நேற்று உங்களிடம் புகார் கொடுத்தாளே, அவள்தான்.

தொண்ணூற்றேழாம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு அங்கிள் சென்னையிலிருந்து டி.வி. கேம் வாங்கி வந்தார். சாம்பல் நிறப் பெட்டி. கறுப்பு ஒயரில் இரண்டு ஜாய்ஸ்டிக். மஞ்சள் நிறக் கேசட். படம் கலங்கினால் கேசட்டைப் பிடுங்கி, அதன் பல் வரிசையில் வாய் வைத்து ஊதி மறுபடி செருக வேண்டும். ஊதினால் ஏன் சரியாகிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் சரியாகிவிடும்.

நாங்கள் அதிகம் ஆடியது துப்பாக்கி கேம். திரையில் இரண்டு சிப்பாய்கள், ஒருவன் நீலம், ஒருவன் சிவப்பு. ஆளுக்கு மூன்று உயிர். நீலம் சைமன், சிவப்பு நான். கடைசிவரை யார் நிற்கிறாரோ அவர் ஜெயித்தவர். அந்த விதி நாங்களாக வைத்துக்கொண்டது. என் மூன்று உயிரும் முதல் ஸ்டேஜ் அருவியிலேயே போய்விடும். அப்போது பட்டனை அமுக்கினால் மற்றவனின் உயிரில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். சைமன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வான்.

"எடுத்துக்கடா. எங்கிட்ட ரெண்டு இருக்கு."

எடுத்துக்கொள்வேன். அதுவும் போகும். மறுபடி சொல்வான்: "பரவால்ல, இன்னொண்ணு எடுத்துக்க." கடைசியில் ஒரே ஒரு உயிரை வைத்துக்கொண்டு அவன் எட்டு ஸ்டேஜும் போய்விடுவான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். அவன் ஒரு நாளும் பீற்றிக்கொண்டதில்லை. பீற்றியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன், அதோடு முடிந்திருக்கும். அவனிடம் சண்டை போட ஒன்றும் இல்லை.

அடுத்த மாதம் தைப்பூசம். வடலூரில் ஜோதி பார்க்க ஜனம் நெரியும், உங்களுக்கு வருகிற தையில் பந்தோபஸ்து போட்டால் தெரியும். கடைத்தெருவில் டி.வி. கேம் கொட்டகை போட்டிருக்கிறார்கள் என்று பள்ளிக்கூடத்தில் பேச்சு. லூசியம்மாவின் லேடீஸ் சைக்கிளைக் கேட்டு வாங்கினோம்.

"பாத்துப் போங்கடா. பிரேக் கட்டை தேஞ்சு கிடக்கு. உங்க அங்கிள்ட்ட மாத்தச் சொல்லிச் சொல்லி வாயே வலிச்சுப்போச்சு" என்றார்.

கொட்டகைக்காரர் பெயர் தனகோட்டி. தகர மறைப்புக்குள் இரண்டு டி.வி. வைத்திருந்தார். எட்டு ஸ்டேஜும் முடிக்கிற பையனுக்கு ஒரு கேசட் இனாம் என்று அட்டையில் எழுதியிருந்தது. அதே துப்பாக்கி கேம்தான். முதலில் நான் உட்கார்ந்தேன். அருவியைத் தாண்டவில்லை. பிறகு சைமன் உட்கார்ந்தான். நாலாவது ஸ்டேஜில் கூட்டம் சேர்ந்தது. ஏழாவதில் பொரி உருண்டை விற்கிறவர்கூட தட்டை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார். முடித்ததும் தனகோட்டி அவனைத் தோளில் தூக்கிக்கொண்டார்.

"யார் பெத்த புள்ளடா நீ. கையா இது, மெஷினா?"

நான் கீழே நின்று அவன் செருப்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது மணி மூன்று இருக்கும். நான் மிதித்தேன், அவன் பின்னால் கேரியரில். கொஞ்ச தூரம் வந்ததும் அந்தக் கேசட்டைப் பின்னாலிருந்து கையை நீட்டி என் சட்டைப்பைக்குள் போட்டான்.

"இத நீ வச்சுக்கடா குமாரு."

"எங்க வூட்ல செட்டே இல்லியே. நான் வச்சிகினு என்னா பண்ணப் போறேன்?"

"எங்க வீட்டுக்கு வர்றப்ப எடுத்துட்டு வா, ஆடுவோம். ஆனா இது உன்னுது. உங்கிட்டயும் ஒண்ணு இருக்கட்டும்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். அதில் எனக்கு அன்றைக்கும் சந்தேகம் இல்லை.

வழியில் ஆற்றுப் பாலம். ஏறும்போது இறங்கித் தள்ளினோம். உச்சியில் மறுபடி ஏறிக்கொண்டோம். இறக்கத்தில் சைக்கிள் வேகம் எடுத்தது. லேடீஸ் சைக்கிளில் குறுக்குக் கம்பி கிடையாது, குதிப்பது சுலபம். நான் இடது பக்கம் மண்ணில் குதித்துவிட்டேன். சைக்கிள் அவனோடு போய்ப் பாலத்தின் கடைசிக் கைப்பிடிச் சுவரில் மோதியது.

பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னேன். லாரியை நிறுத்திவிட்டு ஓடிவந்த டிரைவரிடம் சொன்னேன், அங்கிளிடம் சொன்னேன், அன்றைக்கு வந்த ஏட்டையாவிடமும் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். அந்த அழுகை நிஜம்.

சைமன் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் இருந்தான். திரும்பி வந்தபோது வலது கை கால் விழுந்திருந்தது. வாயில் ஓரிரு சத்தம் தவிர வார்த்தை வரவில்லை. விழுங்கும் தசை சரியாக வேலை செய்யவில்லை. தண்ணீரைக்கூடக் கூழ் பதத்துக்குக் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும், வெறும் தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். லூசியம்மா கூவைக்கிழங்கு மாவு காய்ச்சிக் கலந்து கரண்டியால் ஊட்டுவார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் கற்றுக்கொண்டேன்.

லூசியம்மா அதற்குப் பிறகு சைக்கிளைத் தொடவில்லை. அந்த பிரேக் கட்டையை வைத்து அவருக்கும் அங்கிளுக்கும் பேச்சு நின்றது. ஒரே வீட்டில்தான் இருந்தார்கள், ஒன்றாகத்தான் பூசைக்குப் போனார்கள், ஆனால் பேச்சு இல்லை. அங்கிள் ரிட்டயராகி இந்திரா நகரில் வீடு கட்டி, இரண்டு வருஷத்தில் நெஞ்சுவலியில் போனார். சாவதற்கு முந்தைய வாரம் என்னிடம் கேட்டார்.

"ஒரு ஜோடி கட்டைடா குமாரு. அஞ்சு நிமிஷ வேலை. நான் ஏன்டா மாத்தாம வுட்டேன்?"

"விடுங்க அங்கிள், நடந்தது நடந்துபோச்சு" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? என்னை ஐ.டி.ஐ.யில் சேர்த்துவிட்டவரே அவர்தான். "ஒரு புள்ளை படுத்துட்டான், இன்னொரு புள்ளையாவது நிக்கட்டும்" என்று சொல்லி ஃபீஸ் கட்டினார்.

நான் அவர்களைக் கைவிடவில்லை. அதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் விசாரிக்கலாம். ஞாயிறு காலை எட்டு மணிப் பூசைக்கு வீட்டார் போகும்போது சைமனோடு ஆள் இருக்க வேண்டும். நான் இருந்தேன். இருபத்தாறு வருஷம். நைட் ஷிப்ட் முடித்துக் கண் எரிய வந்திருக்கிறேன். என் கல்யாணத்துக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அன்றும் போனேன். என் மனைவி மலர்கொடி அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்வாள்: "கூடப் பொறந்தவன்கூட இப்புடிப் பாக்க மாட்டாங்க. இவுரு என்னான்னா வாரம் தவறாம போயிகினு இருக்காரு."

போய் என்ன செய்தோம் என்றால், கேம் ஆடினோம். அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் லூசியம்மாதான் ஆரம்பித்து வைத்தார். அவன் இடது கையில் ஜாய்ஸ்டிக்கைத் திணித்து, "உன் ஃபிரண்டு வந்திருக்கான் பாரு, ஆடு" என்றார். விரல் நழுவியது. நீலச் சிப்பாய் நின்ற இடத்திலேயே நின்று மூன்று உயிரையும் விட்டான். சிவப்பு மட்டும் நின்றுகொண்டிருந்தது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அதுவரை நான் எதிலும் ஜெயித்ததில்லை. சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். மனசு ஒரு மாதிரி அடங்கி உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

அதன் பிறகு எல்லா ஞாயிறும் ஜெயித்தேன். செட்டு மூன்று முறை பழுதாகி மாற்றினோம், கேம் மாறவில்லை. நான் கான்ட்ராக்ட் ஃபிட்டர், மேடம். என்னோடு படித்தவர்கள் பெர்மனென்ட் ஆகிவிட்டார்கள், நான் ஆகவில்லை. வாரம் ஆறு நாள் கன்வேயர் பெல்ட் அடியில் கரித்தூளில் படுத்துக்கொண்டு, என்னைவிடச் சின்னப் பையன் ஏய் என்று கூப்பிட்டால் எழுந்து வருவேன். ஏழாவது நாள் ஒரு இடத்தில் ஜெயிப்பேன். சைமன் தோற்றதும் பாதி வாயால் சிரிப்பான். நான் அவன் வாயைத் துடைத்துவிடுவேன். எங்கள் இருவருக்கும் அது போதுமாக இருந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வருஷம் டெய்சி வந்தாள். அண்ணனுக்காகவே பிசியோதெரபி படித்தவள். கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு வந்துவிட்டாள். வந்ததும் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினாள். கூவைமாவுக்குப் பதிலாகத் தண்ணீரைக் கெட்டியாக்கும் பவுடர் டப்பா. பேச முடியாதவர்கள் விரல் வைத்துக் காட்ட ஒரு எழுத்து அட்டை. ஜாய்ஸ்டிக்கை ஒரு பலகையில் திருகிப் பொருத்தி, ஒரே கையால் ஆடும்படி செய்தாள். இந்த வருஷம் ஜூலை மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்தவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணே, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே? நேத்து இவன் எங்கூட ஆடி ஏழு ஸ்டேஜ் தாண்டிட்டான். நான் மூணாவதுலயே காலி."

"பலகை வச்சதால கை வாகா இருக்கும்" என்றேன்.

"பலகையெல்லாம் இல்லண்ணே. பல வருஷமா இப்படித்தானாம். தனியா இருக்கப்ப நல்லாத்தான் ஆடுவானாம். உங்ககிட்ட மட்டும் தோத்துடுவானாம். அம்மாவுக்கும் தெரியும். சொல்லக் கூடாதுன்னு கைய ஆட்டிட்டானாம்."

லூசியம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அது எதுக்கு இப்ப, விடுடி" என்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை.

நான் டீ குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். கோபம் எதுவும் காட்டவில்லை. அந்த வாரம் வேலையில் ஒரு தப்பும் செய்யவில்லை.

அடுத்த ஞாயிறு அவர்கள் பூசைக்குப் போனதும் சைமனிடம் கேட்டேன். "விட்டுக்குடுத்தியாடா?" அவன் கையை நீட்டி எழுத்து அட்டையைக் கேட்டான். அவன் ஒரு வரி காட்டுவதற்குள் ஒரு டீ ஆறிவிடும். நீ தோத்தா வர மாட்ட, என்று காட்டினான். அப்புறம், வேற யாரும் வரலை, என்று.

அது உண்மைதான். வகுப்பில் நாற்பது பேர். முதல் வருஷத்துக்குப் பிறகு வந்தவன் நான் ஒருவன்தான்.

அவன் விரல் நிற்கவில்லை. குதிச்சத பாத்தேன். பயந்துட்ட. சின்னப் பையன் தானே. விடு.

இருபத்தாறு வருஷமாக அவனுக்குத் தெரிந்திருந்தது, மேடம். அவன் அப்பா என்னைப் பிள்ளை என்றபோதும், நான் கரண்டியால் ஊட்டியபோதும் தெரிந்திருந்தது. ஆனால் தப்பாகத் தெரிந்திருந்தது. பிரேக் தேய்ந்துபோய்ப் பிடிக்காமல், பயத்தில் நான் குதித்ததாக நினைத்து மன்னித்திருக்கிறான். பிரேக் நன்றாகத்தான் பிடித்தது. பாலத்தின் உச்சியில் பிடித்துப் பார்த்தேன். சைக்கிள் நின்றது. கையை எடுத்தேன், இரண்டு மிதி மிதித்தேன், பிறகுதான் குதித்தேன். லூசியம்மா சொன்ன வார்த்தை ஞாபகத்தில் இருந்தது, அதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றும் தோன்றியது. இது எல்லாம் ஒரு பாலத்து இறக்கத்துக்குள் தோன்ற முடியுமா என்று கேட்பீர்கள். தோன்றியது.

அதை அவனிடம் நான் திருத்தவில்லை.

அவன் வெளியே சொல்லிவிடுவான் என்ற பயத்தில் செய்தேன் என்று நீங்கள் எழுதப் போகிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் அது சரியில்லை. அவன் சொல்லியிருக்க மாட்டான். இருபத்தாறு வருஷம் சொல்லாதவன் இனி ஏன் சொல்லப்போகிறான்? அவன் சொல்லக்கூடியவனாக இருந்திருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பான்.

அதற்கு அடுத்த ஞாயிறு அவன் தண்ணீர் கேட்டான். வழக்கமாகக் கேட்பதுதான். உதட்டைக் குவித்து, டம்ளர் போலக் கையை வளைப்பான். கெட்டித் தண்ணீர் அவனுக்குப் பிடிக்காது. மேஜைமேல் டப்பா இருந்தது. "ஞாயிறு – குமார் அண்ணன்" என்று சீட்டு ஒட்டி அந்த வாரம்தான் டெய்சி எனக்கென்று தனியாகப் புது டப்பா வைத்திருந்தாள். நான் அதைத் திறக்கவில்லை. பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு அவன் வாயில் வைத்தேன்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். இருபத்தாறு வருஷம் கழித்து வெறும் தண்ணீர். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், மேடம். பிறகு இருமினான். முதுகைத் தட்டிவிட்டேன். அவன் மறுபடி டம்ளரைக் காட்டினான். அவன் கேட்டான், நான் கொடுத்தேன். ஒரு மனுஷன் தாகம் என்று கேட்டால் எப்படி இல்லை என்பது?

நாலு ஞாயிறு கொடுத்தேன். இரண்டாவது ஞாயிறு இரண்டு டம்ளர். மூன்றாவது ஞாயிறு, இருமல் அதிகம் இருந்ததால், படுக்கவைத்துக் கொடுத்தேன். படுக்கவைத்தால் இன்னும் சுலபமாக இறங்கும். எங்கே இறங்கும் என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு வயதில் அந்த டாக்டர் சொன்னதை லூசியம்மா பக்கத்தில் நின்று கேட்டவன் நான். நாலாவது ஞாயிறு அவனுக்குக் காய்ச்சல். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் கொதிக்கிற சத்தம் கேட்டது. அன்றைக்கு அவன் தண்ணீர் கேட்கவில்லை. நான்தான் கொடுத்தேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டே குடித்தான். கையைத் தட்டிவிடவில்லை. தட்டிவிடும் அளவுக்கு இடது கையில் பலம் இருந்தது, அது எனக்குத் தெரியும்.

புதன்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வெள்ளிக்கிழமை விடியற்காலை போய்விட்டான். நுரையீரல் முழுக்க நிமோனியா என்றார்கள். பெட்டியை முன்பக்கம் தூக்கியது நான். கல்லறையில் லூசியம்மா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீ இல்லன்னா என் புள்ள இத்தனை வருஷம் இருந்திருக்க மாட்டான்யா" என்றார். டெய்சி தூரத்தில் நின்றாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டை ஒதுக்கும்போது அந்த டப்பா அவள் கைக்குக் கிடைத்திருக்கிறது. மூடியின் உள்ளே காகித சீல் கிழியவே இல்லை. என் வீட்டுக்கு வந்து வாசலில் நின்றே கேட்டாள்.

"அண்ணே, நாலு வாரம் அவனுக்கு என்னத்தக் குடுத்தீங்க?"

"தண்ணி" என்றேன்.

மலர்கொடி உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். டெய்சி உட்காரவில்லை. டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள். மறுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தெரியாமல் செய்துவிட்டேன் என்றிருந்தால் அவளே நம்பியிருப்பாள்.

ஆகவே இப்படி எழுதிக்கொள்ளுங்கள். பாலத்தில் பிரேக் பிடித்தது. நான் வேண்டுமென்றே குதித்தேன். தண்ணீர் அவன் நுரையீரலுக்குப் போகும் என்று தெரிந்து கொடுத்தேன். போகட்டும் என்றுதான் கொடுத்தேன். இரண்டும் நான் செய்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் கூட இல்லை. லூசியம்மாவிடம் பிரேக் விஷயத்தை மட்டும் யாராவது பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். அங்கிள் போட்டோவுக்கு முன்னால் அவர் இன்னும் பேசாமல்தான் மெழுகுவத்தி ஏற்றுகிறார்.

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். அதற்கு முன்னால் ஒன்றே ஒன்று சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த நாலாவது ஞாயிறு, காய்ச்சலோடு, அவன் ஜாய்ஸ்டிக்கைக் காட்டி ஆடலாம் என்றான். ஆடினோம். அருவியைத் தாண்டினோம், நாலாவது ஸ்டேஜ்வரை இரண்டு பேரும் போனோம். அங்கே நீலம் விழுந்தது, சிவப்பு நின்றது. அன்றைக்கு அவன் விட்டுக்கொடுக்கவில்லை, மேடம். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த ஒரு ஆட்டம் நானாக ஜெயித்தது.